புயலுக்கும் வயலுக்கும் நடுவே: தாமஸ் கோலின் ‘ஆக்ஸ்போ’ ஓவியமும் அதன் சமய நோக்கும்

1836ஆம் ஆண்டு நியூயார்க்கில் தேசிய ஓவிய அகாதெமியின் கண்காட்சியில் தாமஸ் கோல் ஒரு பெரிய நிலக்காட்சியை வைத்தார். ‘மாசசூசெட்ஸ் மாநிலத்து நார்தாம்ப்டனில், ஹோல்யோக் மலையிலிருந்து, இடிமழைக்குப் பின் காணும் காட்சி’ என்பது அதன் முழுப்பெயர். கனெக்டிகட் ஆறு அங்கே காளையின் கழுத்தைச் சுற்றும் நுகவளையம் போல வளைந்து திரும்புவதால் அவ்விடத்திற்கு ‘ஆக்ஸ்போ’ என்று வழங்கிய பெயரே நாளடைவில் ஓவியத்தின் பெயராகவும் நிலைத்துவிட்டது. இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள இந்த ஓவியம், ஏறத்தாழ 131 சென்டிமீட்டர் உயரமும் 193 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. அமெரிக்க இயற்கையைப் புனிதமானதாகக் கண்ட 19ஆம் நூற்றாண்டு ஓவிய மரபின் தொடக்க காலச் சாதனையாக இதைப் போற்றுவது வழக்கம். அந்தப் போற்றுதலில் பிழையில்லை. ஆயினும், இயற்கையின் முன் மனிதன் அமைதியடைந்து இறைவனோடு ஒன்றிவிடுவதை இது காட்டுகிறது என்று கொண்டால் படத்தின் பாதிதான் கண்ணில் படும். கோலின் சமய உணர்வு விவிலியத்தில் ஊறியது. அது ஆறுதலைக் காட்டிலும் விசாரணைக்கே மிக நெருக்கமானது. காட்டை அழித்துக் கழனியாக்கிக்கொண்டிருந்த ஒரு சமூகத்தின் முன் இந்த ஓவியம் ஒரு கேள்வியை வைக்கிறது என்பதும், அக்கேள்விக்கு ஓவியரே விடை கூறாமல் நின்றார் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

வலது கீழ் மூலையில் தொடங்கி இடது மேற்பக்கம் நோக்கிச் செல்லும் ஒரு மூலைவிட்டக் கோடு படத்தை இரண்டாகப் பிரிக்கிறது. அதன் இடப்புறம் முழுவதும் காடு. மின்னலால் பிளந்து காற்றால் முறிந்த ஒரு முதிய மரம் முன்னணியில் கோணலாக நிற்க, அதன் பின்னே அடர்ந்த பசுமை சரிவெங்கும் இறங்கிச் செல்ல, மேலே கருமேகம் மழைத்திரையைத் தொங்கவிட்டபடி விலகிக்கொண்டிருக்கிறது. வலப்புறம் பள்ளத்தாக்கில் வெயில் விழுந்திருக்கிறது: வேலியிட்ட வயல்கள், வரிசை மரங்கள், மேயும் கால்நடைகள், வீட்டுப் புகைபோக்கிகளிலிருந்து எழும் மெல்லிய புகை, ஆற்றில் படகுகள், தொலைவில் குன்றுகள். காடும் கழனியும் எங்கும் கலப்பதில்லை. மலைவிளிம்பு செங்குத்தாக இறங்கிவிடுவதால் இரண்டிற்கும் இடையே பாதையென்று ஒன்று இல்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குக் கண் மட்டுமே தாவ முடியும். முன்னணியின் நடுவில், பாறைகளின் இடையே, எளிதில் புலப்படாத அளவிற்குச் சிறிதாக, தொப்பி அணிந்த ஒரு மனிதர் ஓவியப்பலகையின் முன் அமர்ந்து, தலையைத் திருப்பிப் பார்ப்பவரை நோக்குகிறார். அவர் கோல். அவருடைய குடை சற்றுத் தள்ளிப் பாறைமீது ஊன்றப்பட்டு, வயல்வெளியின் பக்கமாக நீண்டிருக்கிறது.

கோல் அமெரிக்காவில் பிறந்தவரல்லர். 1801இல் இங்கிலாந்தின் லங்காஷயரில், பருத்தி ஆலைகள் பெருகிக்கொண்டிருந்த போல்ட்டன் நகரில் பிறந்து, 1818இல் குடும்பத்தோடு கடல் கடந்தவர். நெசவாலைகளின் புகை ஒரு நிலத்தை என்ன செய்யும் என்பதைச் சிறுவயதிலேயே கண்டிருந்த அவருக்கு, 1825இல் ஹட்சன் ஆற்றின் வழியே மேலே சென்று பார்த்த கேட்ஸ்கில் மலைக்காடுகள் வேறோர் உலகமாகத் தோன்றியதில் வியப்பில்லை. அப்பயணத்தில் பிறந்த ஓவியங்களை ஜான் டிரம்புல், வில்லியம் டன்லப், ஆஷர் டியூரண்ட் ஆகிய மூன்று ஓவியர்கள் வாங்கினர். அன்றிலிருந்து அவர் புகழ் வளர்ந்தது. பின்னாளில் ‘ஹட்சன் ஆற்று ஓவிய மரபு’ என்று பெயர்பெற்ற, ஊரும் மலையும் பெயர் சொல்லி அடையாளம் காணத்தக்க அமெரிக்க நிலக்காட்சிகளை நுணுக்கமாகவும் பக்தியுணர்வோடும் வரைந்த ஓவியர் தலைமுறைக்கு அவரே முன்னோடி.

இக்காட்சியை அவர் தேர்ந்ததற்கு ஒரு ஸ்காட்லாந்துக்காரரும் காரணம். கடற்படை அதிகாரியும் பயண நூலாசிரியருமான பேசில் ஹால், 1827இலும் 1828இலும் வட அமெரிக்காவில் சுற்றிய காலத்தில், எதிரே உள்ள காட்சியைத் தாளின் மேல் விழுவது போலக் காட்டிக் கையால் வரைந்துகொள்ள உதவும் ‘கேமரா லூசிடா’ என்ற பட்டகக் கருவியின் துணையோடு இந்த ஆற்று வளைவை வரைந்து, 1829இல் செதுக்கோவியமாக வெளியிட்டார். அதே ஆண்டு இங்கிலாந்து சென்ற கோல், அந்தப் படத்தை மெல்லிய தாளில் படியெடுத்துக்கொண்டார். அமெரிக்கர்களுக்குத் தங்கள் நாட்டின் இயற்கையழகில் நாட்டமில்லை என்று ஹால் தம் நூலில் குறை கூறியிருந்த நிலையில், அவருடைய கோடுகளையே எடுத்து அவரால் காண முடியாததைக் காட்டத் துணிந்தது கோலின் பதிலாக அமைந்தது. லண்டனில் டர்னரின் ஓவியக்கூடத்திற்கும் சென்று, புயலும் பனியும் ஒரு படையையே விழுங்குவது போன்ற அவருடைய வரைமுறையைக் கண்டுவந்தார். நாடு திரும்பிய பின் 1833 வாக்கில் ஹோல்யோக் மலைமீது நின்று தாமே கோட்டோவியம் வரைந்துகொண்டார். 1820களிலேயே மலையுச்சியில் பயணியர் தங்கும் குடில் இருந்தது. காட்சி பலரும் அறிந்தது. ஆகவே கண்காட்சிக்கு விரைந்து விற்கக்கூடிய ஒரு படம் வேண்டும் என்று எண்ணியபோது, தம் குறிப்பேட்டிலேயே சிறந்த காட்சி இதுதான் என்று கோல் தேர்ந்ததைப் புரவலர் லூமன் ரீடுக்கு 1836 மார்ச்சில் எழுதிய கடிதம் காட்டுகிறது. வயிற்றுப்பாட்டிற்காகத் தொடங்கிய படம் எவ்வளவு ஆழத்திற்குப் போய்விட்டது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

அக்காலத்துக் கலை விமர்சனம் பழகிய சொற்களில் கூறினால், இடப்புறம் ‘உன்னதம்’, வலப்புறம் ‘அழகு’. எட்மண்ட் பர்க் 1757இல் வெளியிட்ட நூல் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டியது: மென்மையும் ஒழுங்கும் இனிமையும் தருவது அழகு, அளவிறந்ததும் இருண்டதும் அஞ்சத்தக்கதுமான ஒன்றைத் தீங்கு நேராத தொலைவிலிருந்து காணும்போது உள்ளத்தில் எழும் நடுக்கம் கலந்த வியப்பு உன்னதம். இந்த விளக்கம் சரியானதுதான். பல நூல்கள் இதோடு நின்றுவிடுகின்றன. ஆனால் கோல் இதே அமைப்பை முன்பே ஒரு முறை பயன்படுத்தியிருக்கிறார் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் பொருள் மாறத் தொடங்குகிறது. 1828இல் அவர் வரைந்த ‘ஏதேன் தோட்டத்திலிருந்து வெளியேற்றம்’ என்ற ஓவியத்திலும் வலப்புறம் ஒளிமிக்க தோட்டம். இடப்புறம் முறிந்த மரங்களும் புயலும் எரிமலையும் நிறைந்த உலகம். ஆதாமும் ஏவாளும் வலமிருந்து இடமாக, ஒளியிலிருந்து இருளுக்குத் துரத்தப்படுகிறார்கள். ‘ஆக்ஸ்போ’வை அதன் அருகில் வைத்தால் ஏதேன் இருந்த இடத்தில் இப்போது உழவர்களின் வயல் இருக்கிறது, வீழ்ச்சியுற்ற உலகம் இருந்த இடத்தில் அமெரிக்கக் காடு இருக்கிறது. அப்படியானால் காடு சபிக்கப்பட்டதா? உழவன் இழந்த தோட்டத்தை உழைப்பால் மீட்டுவிட்டானா?

கோலே எழுதியதைப் பார்த்தால் இந்தக் கேள்வி இன்னும் சிக்கலாகிறது. 1835இல் சொற்பொழிவாக நிகழ்த்தி 1836 சனவரியில் ஓர் இதழில் வெளியிட்ட ‘அமெரிக்க நிலக்காட்சி பற்றிய கட்டுரை’யில், ஐரோப்பாவிடம் இல்லாததும் அமெரிக்காவிடம் உள்ளதுமான தனிச்சிறப்பு மனிதக் கை படாத காடுதான் என்று அவர் வாதிட்டார். அங்கே மனம் படைப்பாளியின் கைவேலையை நேரடியாக எதிர்கொள்கிறது; ஆகவே அது நித்தியமானவற்றை எண்ணத் தூண்டும் இடம். அதே கட்டுரை கனெக்டிகட் பள்ளத்தாக்கின் சிற்றூர்களையும் வயல்களையும் மனமார வாழ்த்துகிறது. சில பக்கங்கள் கழித்துக் கோடரி செய்யும் அழிவைக் கண்டு புலம்புகிறது. நாம் இன்னும் ஏதேனில்தான் இருக்கிறோம், நம்மை வெளியே நிறுத்தும் சுவர் நம் அறியாமையே என்ற பொருள்பட அது முடிகிறது. முரண்பாடு என்று இதை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. காட்டை நேசித்தவர், அதை வெட்டிப் பிழைத்தவர்களையும் நேசித்தார். இரண்டு அன்பும் உண்மையானவை என்பதில்தான் துயரமே இருக்கிறது.

அக்கட்டுரையில் ஓவியத்திற்கு நேரடி விளக்கமாக நிற்கும் ஓர் இடம் உண்டு. தீர்க்கதரிசிகள் தனிமையான இயற்கைக்குள் ஒதுங்கியே இறைவனின் தூண்டலுக்குக் காத்திருந்தார்கள் என்று கூறும் கோல், ஓரேப் மலையில் எலியா கண்ட பெருங்காற்றையும் நிலநடுக்கத்தையும் நெருப்பையும் எடுத்துக்காட்டுகிறார். விவிலியத்தின் அரசர்கள் வரலாற்றில் வரும் அந்நிகழ்ச்சியில் இறைவன் காற்றிலும் இல்லை, நடுக்கத்திலும் இல்லை, நெருப்பிலும் இல்லை. எல்லாம் ஓய்ந்த பின் கேட்ட மெல்லிய குரலில் இருந்தார். ஓவியத்தின் பெயரில் ‘இடிமழைக்குப் பின்’ என்ற தொடர் ஏன் அவ்வளவு முக்கியம் என்பது இங்கே துலங்குகிறது. டர்னர் புயலின் நடுவே பார்ப்பவரைத் தள்ளுவார். கோல் புயல் கடந்து போகும் நொடியைத் தேர்கிறார். மேலும், மெல்லிய குரல் எலியாவிடம் ஆறுதல் சொல்லவில்லை. இந்த இடத்தில் உனக்கு என்ன வேலை என்று கேட்டது. மலைமேல் தனியே அமர்ந்து திரும்பிப் பார்க்கும் சிறிய ஓவியரின் முகத்தைக் காணும் எவரும் அக்கேள்வியிலிருந்து எளிதில் தப்ப முடியாது.

பள்ளத்தாக்கில் உள்ள ஊரும் சமய வரலாற்றில் சாதாரண ஊரன்று. அமெரிக்கக் காலனிகளின் மிகப் பெரிய இறையியலாளரான ஜொனாதன் எட்வர்ட்ஸ், தம் பாட்டனார் சாலமன் ஸ்டாடர்டின் மறைவுக்குப் பின் 1729 முதல் 1750இல் சபையாரால் விலக்கப்படும் வரை நார்தாம்ப்டனில்தான் போதகராக இருந்தார். 1734–35இல் அங்கே எழுந்த சமய எழுச்சி அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் பேசப்பட்டது. பழைய ஏற்பாட்டு நிகழ்வுகள் கிறிஸ்துவை முன்கூட்டியே குறிக்கும் அடையாளங்கள் என்று வாசிக்கும் முறை கிறிஸ்தவ மரபில் தொன்மையானது. எட்வர்ட்ஸ் தம் குறிப்பேடுகளில் அம்முறையை வேத நூலிலிருந்து இயற்கைக்கு விரித்து, ஆறு, மலை, இடி, பட்டுப்புழு என ஒவ்வொன்றும் ஆன்மிக உண்மையின் நிழல் என்று எழுதிவந்தார். இளமையில் இடியோசைக்கு அஞ்சி நடுங்கியவர், மனமாற்றத்திற்குப் பின் அதே ஓசையில் இறைவனின் குரலைக் கேட்டு மகிழ்ந்ததாகத் தம் ஆன்மிக வாழ்க்கைக் குறிப்பில் சொல்கிறார். அக்குறிப்பேடுகள் 20ஆம் நூற்றாண்டில்தான் அச்சேறின என்பதால் கோல் அவற்றைப் படித்திருக்க வழியில்லை. எனினும், இயற்கை என்பது வாசிக்க வேண்டிய இரண்டாவது வேதம் என்ற நம்பிக்கை நியூ இங்கிலாந்தின் சபைகளில் பரவி, கோலின் காலத்துக் கற்றவர்களுக்குப் பொதுச் சொத்தாகியிருந்தது.

அப்படியொரு வாசிப்பைக் கோரும் பகுதி ஓவியத்திலேயே இருக்கிறது. ஆற்று வளைவுக்கு அப்பால் எழும் குன்றின் சரிவில் மரங்கள் திட்டுத்திட்டாக வெட்டப்பட்டு, வெளிறிய வடுக்கள் போலத் தெரிகின்றன. 1981இல் மேத்யூ பைகெல், ஆலன் காஃப்மன் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையில், அந்த வடுக்கள் எபிரேய எழுத்துகளின் உருவில் அமைந்துள்ளன என்றும், பார்ப்பவரின் திசையிலிருந்து ‘நோவா’ என்றும், தலைகீழாக, அதாவது வானிலிருந்து நோக்கும் இறைவனின் திசையிலிருந்து ‘ஷடாய்’, எல்லாம் வல்லவர், என்றும் அவை படிக்கத்தக்கவை என்றும் வாதிட்டனர். எல்லா அறிஞர்களும் இதை ஏற்கவில்லை; மேகத்தில் உருவம் காண்பது போன்ற ஊகம் என்று கருதுவோரும் உண்டு. கோல் 1829இல் ‘பிரளய நீர் வடிதல்’ என்ற ஓவியத்தை வரைந்தவர் என்பதால் நோவாவின் கதை அவர் மனத்திற்கு அந்நியமானதன்று என்பது இந்த வாசிப்புக்கு வலுச்சேர்க்கிறது. எழுத்துகள் திட்டமிட்டவையா என்ற வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். அந்த வடுக்கள் எங்கே விழுந்திருக்கின்றன என்பது கவனத்திற்குரியது: தீண்டப்படாத காட்டில் அவை இல்லை, மனிதன் வெட்டிய இடத்தில் இருக்கின்றன. இறைவனின் பெயர் அங்கே இருக்குமாயின், கோடரி அதை எழுதியிருக்கிறது. பிரளயத்திற்குப் பின் இறைவன் நோவாவோடு செய்த உடன்படிக்கை, பூமியை மீண்டும் அழிப்பதில்லை என்ற வாக்குறுதி. வானம் தன் வாக்கைக் காத்துப் புயலை விலக்கிக்கொண்டிருக்க, மறுதரப்பு என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைக் குன்றின் சரிவு காட்டுகிறது.

ஓவியத்தின் அடியிலும் ஒரு சாட்சி மறைந்திருக்கிறது. அந்த ஆண்டுகளில் கோல் லூமன் ரீடுக்காக ‘பேரரசின் போக்கு’ என்ற ஐந்து ஓவியங்களின் வரிசையை வரைந்துகொண்டிருந்தார். ஒரே இடம் காட்டுநிலை, மேய்ச்சல் நிலை, பேரரசின் உச்சம், அழிவு, பாழ் என மாறிச் செல்வதை அது காட்டுகிறது. அவ்வரிசையின் நடுப்படமான ‘உச்சம்’ மற்ற நான்கையும்விடப் பெரியது. அதன் அளவும் ‘ஆக்ஸ்போ’வின் அளவும் ஏறத்தாழ ஒன்றே. அகச்சிவப்புக் கதிர்களால் ஆராய்ந்தபோது ‘ஆக்ஸ்போ’வின் வண்ணப் படலத்திற்குக் கீழே அந்தப் பேரரசு நகரத்திற்கான கட்டடக் கோட்டுவரைவு தெரியவந்தது. பளிங்கு மண்டபங்களுக்காகத் தொடங்கிய துணியின் மேலேயே கோல் மாசசூசெட்ஸின் வயல்களை வரைந்திருக்கிறார். செலவு மிச்சம் பிடிக்கும் எண்ணமே இதற்குக் காரணமாக இருக்கலாம். ஆனாலும் காட்டுநிலையும் மேய்ச்சல் நிலையும் அருகருகே நிற்கும் இப்படத்தை, அழிவில் முடியும் அவ்வரிசையை மனத்தில் கொண்டிருந்தவர் வரைந்தார் என்பதை மறக்க இயலாது. ஆண்ட்ரூ ஜாக்சனின் ஆட்சியில் மேற்கு நோக்கி நிலம் விழுங்கப்பட்ட காலம் அது. பூர்வகுடிகளை மிசிசிப்பிக்கு அப்பால் அகற்றும் சட்டம் 1830இல் நிறைவேறியிருந்தது. நார்தாம்ப்டன் இருக்கும் இடமே 17ஆம் நூற்றாண்டில் குடியேற்றக்காரர்கள் வருமுன் நோனோடக் மக்களின் நிலம். ஓவியத்தில் அவர்களின் சுவடு எங்கும் இல்லை. வலப்புறத்து ஏதேன் யாரை வெளியேற்றி அமைந்தது என்பதைக் கோலின் அறவுணர்வும் தொடவில்லை. அவருடைய பார்வையின் பெருமையைச் சொல்லும்போது இந்தக் குறையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஓவியம் காட்சிக்கு வந்த அதே 1836இன் செப்டம்பரில் ரால்ஃப் வால்டோ எமர்சன் பாஸ்டனில் ‘இயற்கை’ என்ற சிறு நூலை வெளியிட்டார். புலன்களுக்கு எட்டுவதைக் கடந்த ஆன்மிக உண்மையை மனிதன் வேதமோ திருச்சபையோ இன்றி நேரடியாக உணர முடியும் என்று நம்பிய கடந்தநிலைவாதத்திற்கு அந்நூலே கொடியேற்றம். காட்டில் நிற்கும் மனிதனின் தனித்தன்மை கரைந்து, அவன் வெறும் பார்வையாகவே ஆகி, இறைமையின் ஓட்டம் அவனூடே பாய்வதாக எமர்சன் கண்டார். ஹட்சன் ஆற்று ஓவியர்களை இந்த நூலோடு சேர்த்தே விளக்குவது பாடநூல்களின் வழக்கம்; ஒளியில் உருவங்கள் கரைந்து தூரிகையின் தடமே தெரியாத பிற்கால ஏரிக் காட்சிகளுக்கும் கடற்கரைக் காட்சிகளுக்கும் அது பொருந்தவும் செய்யும். கோலுக்கு அது பொருந்தாது. அவர் கரைவதில்லை. இரு உலகங்களுக்கும் இடையில், தொப்பியோடும் குடையோடும், தம் பெயர் பொறித்த பொருள்களோடும், ஒரு சாட்சியைப் போல அமர்ந்திருக்கிறார். இயற்கை அவருக்கு இறைவன் அன்று; இறைவன் பேசும் மொழி. மொழி என்றால் கேட்பவன் வேண்டும், கேட்டவன் பதில் சொல்லவும் வேண்டும். 1840களின் தொடக்கத்தில் அவர் எபிஸ்கோப்பல் திருச்சபையில் முறைப்படி சேர்ந்ததும், 1848இல் இறக்கும்போது சிலுவையையும் உலகத்தையும் பற்றிய ஓர் ஓவிய வரிசையை முடிக்காமல் விட்டுச்சென்றதும் இந்த மனப்போக்கின் இயல்பான தொடர்ச்சிகள்.

நியூயார்க் வணிகரான சார்ல்ஸ் டால்பட் ‘ஆக்ஸ்போ’வை வாங்கினார், 1908இல் அது மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திற்கு நன்கொடையாக வந்து சேர்ந்தது. ஓவியத்தில் உள்ள ஆற்றின் வடிவம் அதற்கு வெகுமுன்பே மாறிவிட்டது: 1840இல் பெருக்கெடுத்த வெள்ளம் வளைவின் குறுகிய கழுத்தை அறுத்துக்கொண்டு நேராகப் பாய, பழைய வளைவு ஒதுக்குநீராயிற்று, இன்று அதன் குறுக்கே 91ஆம் எண் நெடுஞ்சாலை செல்கிறது. அந்த மாற்றத்தைச் செய்தது ஆறு. கோலை வருத்திய மாற்றம் அவர் குடியிருந்த கேட்ஸ்கில் ஊரிலேயே நிகழ்ந்துகொண்டிருந்தது. ‘ஆக்ஸ்போ’ உருவான அதே மார்ச் மாதத்தில், இருப்புப்பாதைக்காகத் தம் வீட்டருகே உள்ள பள்ளத்தாக்கில் மரங்கள் வெட்டப்படுவதைக் குறித்து அவர் ரீடுக்கு மனம் நொந்து எழுதினார். அடுத்த ஆண்டு அந்தப் பள்ளத்தாக்கை, மரங்கள் இருபுறமும் நிழல் தர, இலையுதிர்காலத் தொடக்கத்தின் பொன்னிறத்தில் வரைந்தார். 1843இல் ஏறத்தாழ அதே இடத்தில் நின்று மறுபடி வரைந்தபோது, காட்சிக்குச் சட்டமிட்டிருந்த மரங்கள் போய், முன்னணியில் வெட்டுண்ட அடிக்கட்டைகள் கிடந்தன. நடுவில், ஆற்றைக் கடந்து செல்லும் ஒரு புகைவண்டியை, கூர்ந்து நோக்குபவருக்கு மட்டும் தெரியும் அளவில் வைத்தார். இந்த முறை அவர் தம்மைப் படத்தில் வரைந்துகொள்ளவில்லை.